மூன்றாவது தடவை

எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே நான் ‘வேண்டாம்’ சொல்லக் கற்றுக்கொண்டேன். அம்மாதான் கற்றுக்கொடுத்தாள். தாராவியில் எங்கள் சந்தில் யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் எதை நீட்டினாலும், முதலில் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு, “வேண்டாம், எங்க வீட்ல இருக்கு” என்று சொல்ல வேண்டும். அவர்கள் நீட்டுவது எங்கள் வீட்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. முறுக்கு இருந்தது, அல்வா இருந்தது, ஃபிரிட்ஜில் வைத்த ஐஸ் தண்ணீர்கூட இருந்தது. ஃபிரிட்ஜ் மட்டும்தான் இல்லை.

இரண்டாவது தடவை கேட்டாலும் அதே பதில்தான். மூன்றாவது தடவையும் கேட்டால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

“ஒரு தடவ மரியாதைக்குக் கேப்பாவ. ரெண்டாவது தடவ நாம எப்படின்னு பாக்கதுக்குக் கேப்பாவ. மூணாவது தடவையும் கேட்டாத்தான் நெசமாவே குடுக்காவன்னு அர்த்தம்” என்பாள் அம்மா.

அம்மாவுக்கு இந்தச் சட்டம் தாராவியை அடுத்த மாட்டுங்காவில் கிடைத்தது. நான் பிறப்பதற்கு முன்னால் அங்கே ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் அக்காவையும் கூட்டிப்போனபோது, அந்த வீட்டு அம்மாள் பிஸ்கட் தட்டைக் காட்டியதும் அக்கா இரண்டு கைகளாலும் அள்ளிவிட்டாள். அந்த அம்மாள் திட்டவில்லை. “பாவம், கொழந்தைதானே, எடுத்துக்கட்டும்” என்று சிரித்தாராம். திட்டியிருந்தால் அம்மா மறந்திருப்பாள். அந்த ‘பாவம்’தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வயிற்றில் பிறந்த யாரும் எந்தத் தட்டிலும் முதல் தடவையில் கைவைத்தது கிடையாது.

இந்தச் சட்டத்தோடு நான் ஒருமுறை வெளிநாட்டுக்குப் போய் வந்தேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாமா ஓமன் நாட்டில் சலாலா என்ற ஊரில் தையல் கடை வைத்திருந்தார். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டிலோ அக்கா, நான், தங்கை என்று வரிசையாக வந்து, கடைசியில் தம்பியும் பிறந்துவிட்டான். தம்பி பிறந்த செய்தி கேட்டு அத்தை போனில் சந்தோஷப்பட்டாள், அழுதாள், பிறகு கேட்டும் விட்டாள்: மூன்று பெண்களில் நடுப்பிள்ளையை எனக்குக் கொடுங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் இது புதிதல்ல. கூடப்பிறந்தவனிடம் பிள்ளை கேட்பது தங்கையின் உரிமை என்றே நினைப்பார்கள். முகத்துக்கு நேரே மறுத்தால் இரண்டு குடும்பங்களும் முறிந்துபோகும். நாத்தனார் கேட்டதற்கு அம்மா பதில் சொல்ல முடியாது. தங்கை கேட்டதற்கு அப்பா அதுவரை இல்லை என்று சொன்னதில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து யோசித்து, கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளையைக் கூட்டிவருகிறேன். சில நாள் உன் வீட்டில் இருக்கட்டும். நீயே அவளிடம் கேள். ஆனால் ஒரே ஒரு தடவைதான் கேட்க வேண்டும், நச்சரிக்கக் கூடாது. அவள் வாயால் ‘இருக்கேன்’ என்று வந்தால் விட்டுவிட்டு வருகிறேன். ‘வேண்டாம்’ என்று வந்தால் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும். அத்தை ஒப்புக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரியவந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: நான் விமானத்தில் போகப்போகிறேன், அக்கா போகவில்லை. நாலாம் வகுப்பில் நான்தான் முதல் ராங்க். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் அம்மாவோடு சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே இது படிப்புக்குக் கிடைத்த பரிசு என்று நானே முடிவு செய்து, சந்து முழுக்கச் சொல்லியும் விட்டேன். “பெரிய ஷாணி இவ!” என்றாள் அக்கா. அதிமேதாவியைப் பம்பாயில் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கணபதி விடுமுறைக்குப் பள்ளி மூடியிருந்தது. தெருவில் டோல் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிற அன்று அம்மா எனக்குத் தலை பின்னினாள்.

“அத்த வீட்ல எதக் கேட்டாலும் என்ன சொல்லுவ?”

“வேண்டாம், எங்க வீட்ல இருக்கு.”

“எதக் கேட்டாலும்?”

“எதக் கேட்டாலும்.”

“இன்னொரு மட்டம் சொல்லு.”

சொன்னேன். அம்மா ரிப்பனை இழுத்துக் கட்டினாள். கண்ணோரம் இழுபடும் அளவுக்கு அவள் அதற்கு முன்னால் எனக்குப் பின்னியதில்லை. விமானத்தில் பாதி வழி வரை தலைவலித்தது.

மஸ்கட்டில் இறங்கி, இன்னொரு விமானம் மாறி, சலாலா போய்ச் சேர்ந்தால் அங்கேயும் தூறல். பாலைவன நாடு என்று புத்தகத்தில் படித்திருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வருடத்தில் இந்தச் சில வாரங்கள் மட்டும் இங்கே மழைத்தூறலும் மூடுபனியும் இருக்கும், மலையெல்லாம் பச்சையாகிவிடும், அதைப் பார்க்கவே அந்த நாட்டு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்று மாமா விளக்கினார். 

அத்தை வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. தாராவியில் நாங்கள் ஆறு பேரும் இருந்த மொத்த வீட்டைவிட அது பெரிது. கட்டிலில் ரோஜா நிற விரிப்பு, கடையின் மணம் போகாமல். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி புதுச் செருப்பு. போட்டுப் பார்த்தால் பின்னால் ஒரு விரல் அளவுக்கு நீண்டிருந்தது.

“பெருசா இருக்கு அத்தை.”

“இருக்கட்டும்ட்டி. வளருத காலுதான. அடுத்த வருசமும் ஆவும்லா.”

விருந்தாளிக்கு ஏன் அடுத்த வருடத்துச் செருப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டேன். “அச்சு அசல் எங்க மதினி வளப்பு!” என்று அத்தை சிரித்தாள். அத்தை சிரித்தால் உடம்பு முழுவதும் குலுங்கும். சோப்பு, சீப்பு, மாம்பழ ஜூஸ், எதை எடுத்தாலும் நான் கையைப் பின்னால் கட்டினேன். ஒவ்வொன்றையும் அவள் சலிக்காமல் மூன்று மூன்று தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. மலைக்குப் போவோம் என்று மாமா சொல்லியிருந்தார். அத்தை விடியும் முன்பே எழுந்து புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். மாமாவின் பழைய வெள்ளைக் காரில் மாமாவும் அப்பாவும் முன்னால், அத்தையும் நானும் பின்னால். அன்றைக்குத்தான் கேட்பது என்று அவர்கள் மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் அது சுற்றுலா.

ஊரைத் தாண்டுவதற்குள் சாலையோரம் வரிசையாக இளநீர்க் கடைகள் வந்தன. வாழைத்தார்களும் தென்னங்குலைகளும் தொங்குவதைப் பார்த்ததும் அப்பா, “நம்ம தாமிரபரணிக் கரை மாதில்லா இருக்கு” என்றார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாமா வண்டியை நிறுத்தினார். அத்தை எனக்கு ஓர் இளநீரை நீட்டினாள்.

“வேண்டாம் அத்தை, எங்க வீட்ல இருக்கு.”

மாமா முன்னாலிருந்து திரும்பினார். “ஒங்க வீட்ல தென்னமரமா நிக்கி? எத்தன நிக்கி?”

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. ஆனால் பின்வாங்க முடியாது. “ரெண்டு” என்றேன்.

“மச்சான், சொல்லவே இல்லியே! தாராவியில தோப்பு வாங்கிப் போட்டிருக்கியளா?”

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்பாவின் காது சிவந்தது. மூன்றாவது தடவை கேட்டதும் நான் இளநீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

கடலை ஒட்டி ஓர் உப்பங்கழி. அதில் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் நின்றன. “கொக்கப் பாருட்டி, ரோஸ் கலர்ல!” என்று அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். 

“அது கொக்கு இல்ல அத்தை, பூநாரை. எங்க ஊருக்கும் வரும். ஐரோலி பக்கம் கழியில நிக்குமாம். டீச்சர் சொன்னாங்க.”

“ஏ, இதுவும் இவ வீட்ல இருக்குடே!” என்றார் மாமா.

நான் அதுவரை ஐரோலியைப் பார்த்ததே இல்லை. இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் அலுவலக ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு ரோஜா நிறக் கோடு தெரியும். உடன் வேலை செய்கிறவர்கள் செல்போனோடு ஓடுவார்கள். நான் போவதில்லை.

மலை தொடங்கியது. தாராவிப் பிள்ளைக்கு மலை என்பது ரயிலில் ஊருக்குப் போகும்போது சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே வந்து போகிற ஒன்று. இங்கே அது நகராமல் நின்றது. நாங்கள்தான் அதன்மேல் வளைந்து வளைந்து ஏறினோம். சரிவெல்லாம் பச்சை, அதில் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல் மேகம். வளைவுகளில் மாமா ஹார்ன் அடித்தார். ஒரு பாறைமேல் பூனை அளவில், வாலே இல்லாமல், தவிட்டு நிறத்தில் ஏழெட்டுப் பிராணிகள் குந்தியிருந்தன. மாமா வண்டியை ஓரங்கட்டிக் காட்டினார். “எங்க சந்து எலி இதவிடப் பெருசு மாமா” என்றேன். எங்கள் வீட்டைப் பற்றி அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சாலையோரப் பலகைகளையெல்லாம் அத்தை என்னைப் படிக்கச் சொன்னாள். அரபிக்குக் கீழே ஆங்கிலம் இருக்கும். முக்கோணத்துக்குள் ஒட்டகம் வரைந்த பலகையையும் விடவில்லை. நான் வாசிக்க வாசிக்க, “கேட்டியளா, வண்டி போற வேகத்துல வாசிக்கா!” என்று முன் சீட்டைத் தட்டினாள். எனக்குப் பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்து உரக்கப் படித்தேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தனை வருடமும் அவள் அந்தப் பலகைகளுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போய்வந்துகொண்டிருந்தாள்.

“இங்க நம்ம ஆளுவ பிள்ளைக படிக்க ஒரு பள்ளிக்கூடம் இருக்குட்டி. மஞ்சக் கலர் பஸ்ஸு வீட்டு வாசலுக்கே வந்து ஏத்திட்டுப் போவும்.”

“எங்க ஸ்கூலுக்கு பஸ்ஸே வேண்டாம் அத்தை, நடந்தே போயிரலாம்.”

அப்பா இருமினார். மாமா கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார். நான் அடுத்த பலகைக்குக் காத்திருந்தேன்.

உச்சிக்குப் பக்கத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. மாமா மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சட்டென்று நிறுத்தினார். சாலையில் கால்கள் நின்றன. கால்கள் மட்டும்தான். மேலே ஏதும் இல்லை. பிறகு பனி கொஞ்சம் விலக, ஒவ்வொரு நாலு கால்களுக்கும் ஓர் ஒட்டகம் வந்து சேர்ந்தது. இருபது முப்பது இருக்கும், சாலையை அடைத்துக்கொண்டு, எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லாதவை போல் நின்றன. ஒன்று காரின் ஜன்னல் வரை தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தது. கண் இமைகள் அவ்வளவு நீளம். அத்தை வீலென்று கத்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மங்கிவிட்டது.

சிலவற்றின் அடிவயிற்றில் துணிப்பை கட்டியிருந்தது. “அது என்னதுங்க?” என்று அத்தை கேட்டாள்.

“மடிப்பை. குட்டி பால் குடிச்சிராம இருக்கக் கட்டுதது. நானே கொஞ்சம் தச்சுக் குடுத்திருக்கேன். சட்டை அளவெல்லாம் எடுத்தாச்சு, இனி ஒட்டகத்துக்குத்தான் அளவு எடுக்கணும்னு இருந்துச்சு, அதையும் எடுத்தாச்சு” என்றார் மாமா. பையின் தையலைப் பார்க்க அப்பா கண்ணாடியில் மூக்கை வைத்தார். பட்டறைக்காரர் இல்லையா. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு மாமா, “வாங்க மச்சான், மேய்க்கவன் எங்க இருக்கான்னு பாப்போம்” என்று இறங்கினார். அப்பா ஒரு கணம் தயங்கி அவரும் இறங்கினார். இரண்டு பேரும் பனிக்குள் நாலடி நடந்ததும் வெறும் நிழல்களாகிவிட்டார்கள். மேய்ப்பனைத் தேட இரண்டு பேர் எதற்கு என்று இப்போது புரிகிறது.

காருக்குள் நானும் அத்தையும் மட்டும். நான் இன்னும் அவள் மடியில்தான் இருந்தேன். அத்தை என் நெற்றி முடியை ஒதுக்கினாள். அவளுடைய இதயம் என் முதுகில் அடித்தது. ஒட்டகத்துக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

“ஏட்டி.”

“ம்.”

“இங்கயே இருந்திருதியா? அத்தகூட?”

அந்த அறை ஞாபகம் வந்தது. ரோஜா நிற விரிப்பு, கதவு போட்ட குளியலறை, தினமும் ஒட்டகம், தினமும் மாம்பழ ஜூஸ். என் மனதில் சட்டென்று ஒரு விளக்கு எரிந்தது என்றே சொல்ல வேண்டும். அந்த ஆசை முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயமும் கூடவே வந்தது. மடியில் கிடந்தபடியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“வேண்டாம் அத்தை. எங்க வீட்ல எல்லாம் இருக்கு.”

சரியாகச் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். அடுத்து அத்தை இரண்டாவது தடவை கேட்பாள், அதற்கும் இதையே சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தேன்.

அத்தை வாயைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே, பனியில் முதுகு காட்டி நின்ற அப்பாவின் நிழலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். தூக்குச்சட்டியைத் திறந்து, வேறு குரலில், “முட்டை திங்கியா?” என்றாள்.

“வேண்டாம் அத்தை.”

“தின்னு, பசிக்கும்லா.”

“எங்க வீட்ல இருக்கு.”

“ஏ மூதி, தின்னுட்டி.”

வாங்கிக்கொண்டேன். முட்டையை மூன்று தடவை கேட்டாள்.

ஒட்டகங்கள் தாமாகவே நகர்ந்தன. அப்பாவும் மாமாவும் தலையெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்தார்கள். அத்தை கதவைத் திறந்து இறங்கினாள். “நான் முன்னால உக்காந்துக்கிடுதேன். வளைவுல தலய சுத்துது.”

அப்பா அவளைப் பார்த்தார். “கேட்டியா?”

“கேட்டேண்ணே.”

“என்ன சொல்லுதா?”

“அவ வீட்ல எல்லாம் இருக்காம்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முட்டைக்கு அலைந்ததாக அப்பா நினைத்துவிடக் கூடாது. பாதி கடித்த முட்டையை உயர்த்திக் காட்டி, “மூணாவது தடவை கேட்ட பொறகுதான்ப்பா வாங்குனேன்” என்றேன்.

மாமா வண்டியைக் கிளப்பினார். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னையும் முட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல் முன் சீட்டின் பக்கம் சாய்ந்தார். பிறகு பின்னுக்கு வந்து, என் கையைப் பிடித்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஊர் வந்து சேரும் வரை அந்தக் கையை அவர் விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு உடையில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். “அன்னைக்கு மட்டும் நீ இருக்கேன்னு சொல்லியிருந்தா, இந்தப் படம் ஒங்க அத்த வீட்டுச் செவுத்துல தொங்கியிருக்கும்” என்றாள். நான் புரியாமல் கேட்க, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை கேட்டது, அப்பாவின் நிபந்தனை, ஒரே தடவை என்ற பேச்சு.

“நான் எங்க நெசமா வேண்டாம்னு சொன்னேன்மா? நீ சொல்லித் தந்ததத்தான சொன்னேன். மூணு தடவ கேட்டாத்தான் வாங்கணும்னு நீதான சொன்ன?”

“எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளக்கதுதான்.”

“அன்னைக்கு மட்டும் ஏன் அத்தன தடவ சொல்ல வச்ச?”

அம்மா, நேராக இருந்த படத்தைத் தொட்டு நேராக்கினாள். “கோணலா இருக்கு பாரு” என்றாள். அதற்குமேல் அவள் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. நாத்தனாரிடம் தன் வாயால் சொல்ல முடியாத ஒரு ‘வேண்டாம்’ அவளிடம் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை என் ரிப்பனோடு சேர்த்துக் கட்டி அனுப்பினாளா, அல்லது வழக்கம்போல மானத்துக்குத்தான் பயந்தாளா என்பது தெரியாது. அப்பாவையும் கேட்டதில்லை. அம்மாவின் சட்டம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் சோறு தின்பதும் அந்த வீட்டில்தானே.

அத்தைக்கும்தான் தெரியும். சீப்பிலிருந்து முட்டை வரை என்னிடம் மூன்று மூன்று தடவை கேட்டவள்தானே. அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அவள் மறுபடி கேட்கவில்லை என்று பல நாள் நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. கொடுக்கிறவர்கள் மூன்று தடவை கேட்கலாம், அதில் அவர்களுக்குக் குறைவில்லை. அன்றைக்கு அவள் கேட்டது கொடுப்பதற்காக அல்ல. வாங்க வந்தவள் எத்தனை தடவை கேட்பாள்?

மாமாவுக்குக் கண் மங்கிக் கடையை விட்டுவிட்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். பம்பாய்க்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் ஒரு சிறிய ஃபிளாட். சனிக்கிழமைகளில் போவேன். அத்தை இன்னும் உடம்பு குலுங்கத்தான் சிரிக்கிறாள். என்னிடம் மட்டும் எதையும் கேட்பதில்லை. தோசையோ பணியாரமோ, நேரே தட்டில் வைத்துவிடுகிறாள். “ஒங்கிட்ட கேட்டா வேண்டாம்பியே” என்பாள். வேடிக்கையாகத்தான் சொல்கிறாள். அந்த ‘வேண்டாம்’ முதல் தடவைக்கான ‘வேண்டாம்’ அத்தை, நீங்கள் இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேன் என்று சொல்ல வேண்டும். நெரிசலான லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னால் அம்மா குற்றவாளியாகிவிடுவாள். சொல்லாவிட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளையாகவே நான் அத்தையிடம் இருப்பேன். எல்லாம் இருக்கட்டும், இத்தனை வருடம் கழித்து அதைத் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு வருகிறேன். மிச்சம் வைப்பதில்லை.

அன்று மலை இறங்கும்போது மூடுபனி இன்னும் கனத்துவிட்டது. பலகைகள் வந்தன, நான் உரக்கப் படித்தேன், யாரும் சீட்டைத் தட்டவில்லை. முன் சீட்டில் அத்தை முகத்தை முழுவதும் ஜன்னல் பக்கம் திருப்பி, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். அவ்வப்போது புதுப் புடவையின் முந்தானையை எடுத்து எதையோ துடைத்தாள். கண்ணாடியைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன். பனி வெளியில்தானே இருக்கிறது, உள்ளே துடைத்து என்ன ஆகும் என்று முதல் ராங்க்காரியான எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது. அத்தை ஒட்டகம் தேடுகிறாள் என்று முடிவு செய்தேன். அவளுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று, என் பக்கத்து ஜன்னலில் முகத்தை வைத்து, வழியெல்லாம் தேடிக்கொண்டே வந்தேன்.